வேலை பார்த்துக்கொண்டே முதுமாணி படிப்பவர்களுக்கு மாணவர் சங்கம் தேவையா?

கேட்டவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் வார இறுதியில் நடக்கும் முதுமாணிப் படிப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். அணியில் நாற்பது பேரளவில் இருக்கிறார்கள்: ஆசிரியர்கள், வங்கிக்காரர், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், பொறியியலாளர் ஒருவர், வைத்தியர்கள் இருவர். எங்களுக்கும் ஒரு மாணவர் சங்கம் வேண்டும் என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். சங்கமெல்லாம் இளம் பிள்ளைகளுக்கு, நாங்கள் வந்தோம் படித்தோம் போனோம் என்று இருப்போம் என்கிறார்கள் மற்றவர்கள். தன்னைச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள், ஏற்கலாமா, வெளிநாடுகளில் இது எப்படி நடக்கிறது என்பது அவருடைய கேள்வி.

தேவை என்பதுதான் என் பதில். ஆனால் இளமாணி மாணவர் ஒன்றியத்தைப் பார்த்து அதே மாதிரி ஒன்றைக் கட்டினால் ஒரு வருடம்கூட ஓடாது. வேலையோடு படிப்பவர்களின் சங்கத்துக்கு முதல் வேலை, சேர்ந்த எல்லோரையும் பட்டத்தோடு வெளியே அனுப்புவது. ஒன்றுகூடல், மலர் வெளியீடு, கருத்தரங்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பட்டங்களை மட்டங்களாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். பாடங்களை மட்டும் படித்து முடிக்கும் முதுமாணி 9ஆம் மட்டம், அதற்கு 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், அதற்கு 60 கிரெடிட். அதாவது 3,000 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் முடிப்பதென்றால் ஒரு வாரமும் தவறாமல் வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலம். விரிவுரை மண்டபத்தில் இருக்கும் நேரம் இதில் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் வீட்டில். காலையில் கந்தோருக்குப் போய், பின்னேரம் பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கி, ஊரில் நல்லது கெட்டதுக்கும் முகம் காட்டிவிட்டு இந்த 29 மணித்தியாலத்தைத் தேட வேண்டும். இளமாணி மாணவருக்கு நேரம் இருக்கிறது, சம்பளம் இல்லை. உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது, நேரம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சங்கம் பொருந்தாது.

முதல் வருடம் சிக்கல் அவ்வளவாகத் தெரியாது. சனி, ஞாயிறு விரிவுரை இருக்கும். ஒரு நாள் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார். வட்ஸ்அப் குழுவில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். பாடங்கள் முடிந்து ஆய்வேடு தொடங்கியதும் எல்லோரும் தனித்தனித் தீவாகிவிடுகிறார்கள். தலைப்பு ஒவ்வொருவருக்கும் வேறு, மேற்பார்வையாளர் வேறு. குழுவில் பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆய்வேடு எங்கே நிற்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, கேட்டால் சங்கடப்படுவார்களாம். இப்படித்தான் ஆட்கள் விடுபட்டுப் போகிறார்கள். ஆய்வை விட்டுவிட்டு அதற்குக் கீழே கிடைக்கும் தகைமையோடு வெளியேறுகிறவர்களும் உண்டு, அதையும் வாங்காமல் பதிவுக் காலம் முடிய விடுகிறவர்களும் உண்டு. கெட்டிக்காரர்கள் பலர் அதில் இருக்கிறார்கள் என்பதுதான் கவலை.

நான் முதுமாணி படித்த காலத்தில் எங்கள் அணி செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். பெரிய ஏ3 தாள் ஒன்றில் கோடு போட்டு, இடது பக்கம் எல்லோருடைய பெயரையும் எழுதினோம். மேலே கட்டங்கள்: தலைப்பு கொடுத்தாயிற்றா, மேற்பார்வையாளர் நியமனமா, முன்மொழிவு ஏற்கப்பட்டதா, நெறிமுறை அனுமதி வந்ததா, தரவு சேகரிப்பு, முதல் வரைவு, சமர்ப்பிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே திகதியைப் போட்டோம். தயங்கித் தயங்கித்தான் பேனையை வாங்கினார்கள். எல்லோரும் எழுதி முடித்துப் பார்த்தால், பாதிப் பேருக்கு மேல் ஒரே கட்டத்தில் நிற்கிறார்கள்: தலைப்பு கொடுத்து மாதக்கணக்காகியும் மேற்பார்வையாளர் நியமனக் கடிதம் வரவில்லை. அதுவரை ஒவ்வொருவரும் அது தன்னுடைய பிரச்சினை, தான் போய்க் கேட்காததால் வந்த தாமதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா, தான் தமிழ் மொழிமூலத்தில் படித்தவர் என்பதால் தன் தலைப்பு பிடிக்கவில்லையாக்கும் என்று இருந்துவிட்டார்.

அந்தத் தாளை வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். குறை சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. இத்தனை பேர் இந்தத் திகதியில் தலைப்புச் சமர்ப்பித்தார்கள், இன்றுவரை நியமனம் இல்லை, பதிவுக் காலம் இந்தத் திகதியில் முடிகிறது, அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள முடியுமா, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்திலேயே நியமனங்கள் வந்தன. விசாரித்தபோது தெரிந்தது, யாரும் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. கோவை ஒன்று ஒரு மேசையில் இருந்திருக்கிறது, அதைத் தேடி யாரும் போகவில்லை. சங்கம் என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான். உங்கள் அணியில் வேறொன்றும் செய்யாவிட்டாலும் இந்தத் தாளைச் செய்யுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

இதைத் தனியாள் செய்ய முடியாதா என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் அது லேசில்லை. உங்களுக்குப் படிப்பிக்கிறவர் பத்து வருடத்துக்கு முன் இளமாணியிலும் உங்களுக்குப் படிப்பித்தவராக இருப்பார். அவருடைய மனைவி உங்கள் பிள்ளையின் பாடசாலையில் ஆசிரியராக இருக்கலாம். கோயில் திருவிழாவில் சந்திப்பீர்கள். “சேரிடம் எப்படிக் கேட்பது” என்ற தயக்கம் மரியாதையால் வருவது, அதில் பிழையில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தால் ஆறு மாதம் போய்விடும். சங்கத்தின் கடிதத்தில் தனியாளின் பெயர் முன்னுக்கு நிற்பதில்லை, கேட்கிறவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் முகம் கோணாது.

சரி, எந்தச் சங்கம் எதற்கு என்று முதலில் பிரித்துக்கொள்வோம், பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். உங்களில் ஒருவர் ஆசிரியர் என்றால் அவருக்கு ஆசிரியர் தொழிற்சங்கம் இருக்கிறது. சம்பளம், இடமாற்றம், கற்கை விடுமுறை அங்கே பேச வேண்டியவை. பொறியியலாளர் என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் இருக்கிறது, 1906இல் தொடங்கியது, பட்டயப் பொறியியலாளர் என்ற தகுதியைக் கொடுப்பதும் தொழிலின் தரத்தைப் பார்ப்பதும் அதன் வேலை. மாணவர் சங்கம் இந்த இரண்டும் அல்ல. அதன் எல்லை உங்களுக்கும் படிப்பை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையில் உள்ளது: நேரசூசி, பரீட்சைத் திகதி, பெறுபேறு வெளிவரும் காலம், மேற்பார்வை, நூலகம், கட்டணம். யாழ் போதனா வைத்தியசாலையில் விசேட மருத்துவப் பயிற்சியில் இருக்கும் வைத்தியரைப் பாருங்கள், எது யாருடைய வேலை என்பது தெளிவாகத் தெரியும். சம்பளம் சுகாதார அமைச்சு. தொழிற்சங்கம் அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம். பரீட்சை எடுப்பது கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த, 1980இல் தொடங்கிய பட்டப்பின் மருத்துவ நிறுவனம். பயிற்சியாளராக அவருக்கு வரும் சிக்கலைத் தொழிற்சங்கத்திடம் கொண்டுபோனால் அது வேலைநிறுத்தப் பேச்சாகிவிடும், பயிற்சி நிறுவனத்திடம் தனியாகக் கொண்டுபோனால் பதில் வரக் காலமெடுக்கும். நடுவில் ஒரு பயிற்சியாளர் அமைப்பு இருந்தால்தான் அந்தச் சிக்கல் சிக்கலாகவே பேசப்படும்.

இன்னொரு வித்தியாசம் மிக முக்கியமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில் தொடங்கிய நாளிலிருந்து இந்த மண்ணின் அரசியல் அந்த வாசலுக்குள் வந்து போகாத வருடம் இல்லை. 2001 ஜனவரியில் பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வு அங்கேதான் தொடங்கியது. 2021 ஜனவரியில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், சில நாட்களுக்குள் மீண்டும் அடிக்கல் வைக்கப்பட்டது. மக்கள் பேச முடியாததை மாணவர் பேசுவது அந்த ஒன்றியத்தின் பொறுப்பாகிவிட்டது, அதை நான் மதிக்கிறேன். உங்கள் நிலை வேறு. உங்கள் அணியில் பாதிப் பேராவது அரச உத்தியோகத்தர்களாக இருப்பார்கள். அரச ஊழியருக்கான விதித்தொகுப்பாகிய தாபன விதிக்கோவை அவர்களைக் கட்டுப்படுத்துகிறது, பதவிநிலை உத்தியோகத்தர்களுக்கு அரசியல் உரிமையே மட்டுப்பட்டது. சங்கத்தின் பெயரில் ஓர் அறிக்கை பத்திரிகையில் வந்தால், பிரதேச செயலகத்தில் இருக்கும் உங்கள் சகபாடிதான் விளக்கம் எழுத வேண்டி வரும். ஆகவே யாப்பில் ஒரு வரி எழுதுங்கள்: சங்கத்தின் பெயரில் வெளியே போகும் எந்த அறிக்கையும் நிர்வாக சபையின் எழுத்துமூல முடிவின்றிப் போகாது. அவரவர் அரசியலை அவரவர் தனிப்பட வைத்துக்கொள்ளலாம், அதற்கு வேறு வாசல்கள் இருக்கின்றன.

அங்கீகாரம் எப்படி என்று கேட்பீர்கள். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்திலேயே மாணவர் ஒன்றியங்களுக்கும் சங்கங்களுக்கும் இடம் இருக்கிறது. நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் படிப்பின் இணைப்பாளரைச் சந்தித்துச் சொல்வது, ஒரு விரிவுரையாளரைப் பெரும் பொருளாளராக, அதாவது சங்கத்தின் காசுக் கணக்கை மேற்பார்ப்பவராக, இருக்கச் சம்மதிக்க வைப்பது, யாப்பை எழுதிப் பீடத்துக்கு அனுப்புவது. இணைப்பாளரிடம் முதலில் போங்கள். கடிதம் பதிவுத்தபாலில் அவருக்கு மேலே போய், அவர் அதைப் பிறகு அறிந்தால், நல்ல மனிதரும் மனம் முறிவார். யாப்பு நான்கு பக்கத்துக்குள் இருக்கட்டும். பழைய மாணவர் சங்கம், சனசமூக நிலையம், கூட்டுறவுச் சங்கம் என்று யாப்பு எழுதிப் பழகிய ஊர் இது, மாதிரிக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் வரும் போசகர் பட்டியலையும் பத்துப் பன்னிரண்டு உப பதவிகளையும் எடுத்துவிடுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், இன்னும் இரண்டு பேர் போதும். உங்கள் அணிக்கு முன்னால் இருக்கும் அணியிலிருந்தும் ஒருவர், பின்னால் வரப்போகும் அணியிலிருந்தும் ஒருவர் என்று அந்த இரண்டு பேரையும் எடுத்தால் மிக நல்லது. இரண்டு வருடப் படிப்பில் ஒரே அணி நடத்தும் சங்கம் அந்த அணியோடு போய்விடும்.

தலைவர் தெரிவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சங்கங்கள் அந்த முதல் கூட்டத்திலேயே பிழையான வழிக்குப் போய்விடுகின்றன. உங்கள் வகுப்பில் ஓர் அதிபரும் அவருக்குக் கீழே படிப்பிக்கும் ஆசிரியரும் அடுத்தடுத்து இருக்கலாம். உதவிப் பிரதேச செயலாளரும் அவருடைய முகாமைத்துவ உத்தியோகத்தரும் ஒரே குழுவில் ஒப்படை செய்யலாம். கூட்டம் தொடங்கியதும் யாராவது ஒருவர் எழும்பி, பதவியில் கூடியவரின் பெயரைத் தலைவராக முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. அவரும் ஏற்றுக்கொள்வார், அவருக்கோ வாரத்தில் ஆறு நாளும் கூட்டம். அதோடு சங்கம் அவருடைய நாட்குறிப்பில் ஒரு மூலைக்குப் போய்விடும். அதைவிட மோசம், அவருக்குக் கீழே வேலை செய்கிறவர் வகுப்பில்கூட அவர் முன்னால் வாய் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்குள் எல்லோரும் மாணவர்கள் என்பது உண்மையாக நடக்க வேண்டுமானால், தலைமை அந்தப் படிநிலையிலிருந்து வரக்கூடாது. இரகசிய வாக்கெடுப்பு வைத்துவிடுங்கள். சிறு துண்டுத் தாள் போதும். பதவியில் பெரியவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. அமைச்சுக்கோ திணைக்களத்துக்கோ கதவு திறக்க வேண்டிய நேரத்தில் அவர்களின் ஒரு தொலைபேசி அழைப்பு பெரிய உதவி.

வெளிநாட்டு விசயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் சட்டம், மருத்துவம், வணிக முகாமைத்துவம் எல்லாம் பெரும்பாலும் முதல் பட்டத்துக்குப் பிறகு படிக்கும் தொழிற்பட்டங்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளமாணி மாணவருக்கு ஒரு பேரவை, மேற்பட்டத்துக்கும் தொழிற்பட்டத்துக்கும் சேர்த்து இன்னொரு பேரவை என்று இருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு பீடத்துக்கும் தனிச் சங்கம். சட்டபீடங்களில் இருக்கும் மாணவர் சங்கத்துக்குச் சட்டத்தரணிகள் சங்கத்தின் பெயரையே வைத்திருப்பார்கள், நாளைக்கு நுழையப்போகும் தொழிலின் பழக்கங்களை இன்றைக்கே பழகுகிற மாதிரி. வணிகபீடங்களில் நிதி, ஆலோசனைத் தொழில், சந்தைப்படுத்தல் என்று துறைக்கொரு கழகம். நிறுவனங்களை அழைத்து வருவதும், நேர்முகத்துக்கு ஒருவரையொருவர் பயிற்றுவதும் அவற்றின் வேலை. பணம் பெரும்பாலும் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் மாணவர் செயற்பாட்டுக் கட்டணத்திலிருந்து வரும். கழகங்கள் வரவு செலவுத் திட்டம் எழுதிப் பேரவையிடம் கேட்க வேண்டும்.

எந்தச் சங்கம் எதற்கு என்ற குழப்பம் அங்கேயும் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பவர்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துச் சம்பளம் வாங்குகிறார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் அப்படி வேலை செய்யும் மாணவர்கள் ஊழியர்களும்தான், தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் 2016இல் அந்நாட்டுத் தேசியத் தொழில் உறவுகள் சபை முடிவு சொன்னது. தொழிற்பட்ட மாணவரில் பெரும்பாலோர் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்ல, பெருந்தொகை கட்டணம் கட்டுகிறவர்கள். இரண்டு பேரும் ஒரே பேரவையில் உட்கார்ந்தாலும் கேட்பது வேறு வேறு. அமெரிக்க மருத்துவ மாணவர் சங்கத்தின் கதையும் பார்க்கத் தக்கது. 1950இல் மருத்துவர்களின் பெரிய சங்கத்தின் கீழ்தான் அது தொடங்கியது. பிறகு அதிலிருந்து பிரிந்து தன் காலில் நின்றது. மூத்தவர்களின் நிழல் தொடங்குவதற்கு உதவும். ஆனால் மூத்தவர்களோடு கருத்து வேறுபடும் நாளும் வரும், அதற்கு இடம் வைத்துத்தான் கட்ட வேண்டும்.

எங்கள் நாட்டிலேயே நல்ல உதாரணம் வேண்டுமென்றால் கொழும்பில் இலங்கைச் சட்டக் கல்லூரியின் சட்ட மாணவர் தமிழ் மன்றத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் சட்டமாணி முடித்தவர்களும் சட்டத்தரணியாவதற்கு அந்தக் கல்லூரியின் பரீட்சைகளைக் கடந்துதான் போக வேண்டும். நீதிமுரசு என்ற அவர்களுடைய மலர் சட்டக் கட்டுரைகளைத் தமிழில் எழுதிப் பழகும் களமாக இருக்கிறது. சட்ட நூல்கள் தமிழில் அரிதாக இருக்கும் நாட்டில் அதன் பயனைச் சொல்லத் தேவையில்லை.

தமிழில் எழுதிப் பழகுவது என்றதும் இன்னொன்று. தொழில்சார் படிப்பை ஆங்கிலத்தில் படிக்கிறோம், தொழிலைத் தமிழில் செய்கிறோம். நீரிழிவைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதியவர் சங்கானையில் ஒரு தாய்க்கு அதைச் சொல்லும்போது தடுமாறுகிறார். கடன் இடர் பற்றி அழகாகக் கட்டுரை எழுதும் வங்கியாளர், நுண்கடனில் மாட்டிய பெண்ணுக்கு வட்டிக் கணக்கை விளங்கப்படுத்த முடியாமல் நிற்கிறார். மாதத்துக்கு ஒருவர், இருபது நிமிடம், தன் ஆய்வைத் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வையுங்கள். இதற்கு மண்டபமும் வேண்டாம், பதாகையும் வேண்டாம். விரிவுரை முடிந்த அறையே போதும். பலதுறையாளர் ஒரே அறையில் இருக்கும் உங்கள் மாதிரி அணிக்கு இதைவிடப் பயனுள்ள நிகழ்ச்சி எனக்குத் தோன்றவில்லை. வைத்தியர் கேட்கும் கேள்வி வங்கியாளரின் ஆய்வைத் திருத்தும்.

இந்த ஊரில் இப்படியொரு மரபும் இருந்தது. 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கி, பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆன அமைப்பில் இளம் ஆசிரியர்களும் மாணவர்களும் கலந்திருந்தார்கள். ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னோடி. சாதி வேற்றுமைக்கு எதிராக நின்றார்கள், 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள். வேலையில் இருப்பவரும் படிப்பவரும் ஒன்றாக இருந்ததுதான் அதன் பலம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் அணியில் ஒரே ஆளுக்குள் அந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

ஆய்வுக் களம் தேடுவதிலும் சங்கம் கைகொடுக்கும். முகாமைத்துவ ஆய்வென்றால் கொழும்பு நிறுவனங்களின் ஆண்டறிக்கையைத் தரவிறக்கிக் கணக்குப் போடுவதே வழக்கமாகிவிட்டது, அனுமதி தேவையில்லை என்பதால். பக்கத்தில் பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, அச்சுவேலியில் கைத்தொழிற்பேட்டை இருக்கிறது, தீவகத்தில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. தனி மாணவர் ஒருவர் தரவு கேட்டுப் போனால் “நாளைக்கு வாங்கோ” என்பார்கள். துறைத் தலைவரின் கடிதத்தோடு சங்கம் ஒருமுறை போய்ப் பேசி, யாரைச் சந்திக்க வேண்டும், எந்த ஆவணம் கிடைக்கும், திருப்பி அவர்களுக்கு என்ன கொடுப்போம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்தால் அடுத்தடுத்த அணிகளுக்கும் அது வழி. முடிந்த ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி அந்த இடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். தரவு வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை என்ற மனத்தாங்கல் எங்கள் ஊர்களில் நிறைய இருக்கிறது.

கட்டணம் பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். இளமாணி இலவசம், முதுமாணிக்குப் பணம் கட்டுகிறீர்கள். அந்தப் பணத்துக்கு என்னென்ன உரியது என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நூலகம் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிவரை திறந்திருக்கும், ஆய்விதழ்களை வீட்டிலிருந்து பார்க்கும் வசதி உங்களுக்கும் உண்டா, பதிவு நீடிப்புக்கு எவ்வளவு, தாமதம் நிறுவனத்தின் பக்கம் இருந்தாலும் அந்த நீடிப்புக் கட்டணம் மாணவர்தான் கட்ட வேண்டுமா? கடைசிக் கேள்வியை நிச்சயமாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். படிப்புகளின் தரத்தைப் பார்க்க மதிப்பாய்வுக் குழு வரும்போது மாணவரையும் சந்திப்பது வழக்கம். அன்றைக்கு யாரையாவது பிடித்து இருத்தாமல், ஒழுங்காகக் குறிப்பு வைத்திருக்கும் ஒருவர் போய்ப் பேசினால் இரு பக்கத்துக்கும் நல்லது.

சங்கத்தின் சொந்தக் காசு சிறிதாகவே இருக்கட்டும். வங்கிக் கணக்குக்கு யாப்பும் கூட்ட அறிக்கையும் பதவியாளர் பட்டியலும் கேட்பார்கள், உங்களுக்கே அது தெரியும். இரண்டு கையொப்பம் கட்டாயம். பெரிய தொகை சேர்ந்தால் விழா எடுக்கத்தான் மனம் போகும்.

கூட்ட நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னேரம் ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வருகிறவர் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். நெடுந்தீவில் படிப்பிக்கும் ஆசிரியர் குறிகட்டுவானில் படகைப் பிடிக்க வேண்டும், தவறினால் அன்றிரவு யாழ்ப்பாணத்தில்தான். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டு வந்த பெண்ணுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கடைசியில் யாழ் நகரத்தைச் சுற்றியுள்ள ஆண்கள் ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சுவார்கள், முடிவெல்லாம் அவர்களுடையதாகிவிடும். கூட்டம் என்றால் மத்தியான இடைவேளையில், முப்பது நிமிடம், அதுவும் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் அனுப்பி. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல், விவசாய பீடங்களோடு சேர்ந்து ஏதாவது செய்வதென்றால் அது 60 கிலோமீற்றருக்கு மேல், சூமில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் பதவியை ஏற்கலாமா என்றால், ஏற்றுக்கொள்ளுங்கள் தங்கச்சி. ஆனால் மூன்று விசயம் முதலே பேசிவிடுங்கள். ஒரு வருடம் மட்டும். உதவிக்கு ஒருவர், அவர்தான் அடுத்த வருடச் செயலாளர். உங்கள் ஆய்வேட்டின் சமர்ப்பிப்புக்கு முந்திய மூன்று மாதம் உங்களுக்குச் சங்க வேலை இல்லை. செயலாளராக இருந்து மற்றவர்களைக் கரையேற்றிவிட்டுத் தன் ஆய்வேட்டை முடிக்காமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். பெண்கள் என்றால் தட்டச்சு, தேநீர், வரவேற்பு எல்லாவற்றையும் செயலாளர் தலையில் கட்டும் வழக்கமும் இருக்கிறது. கூட்ட அறிக்கையும் கடிதப் போக்குவரத்தும்தான் செயலாளரின் வேலை என்று யாப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கடிதங்களை உங்கள் சொந்த மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். சங்கத்துக்கென்று ஒரு கூகிள் கணக்குத் திறந்து, யாப்பு, அறிக்கை, கடிதப் பிரதி, கடந்தகால வினாத்தாள், அந்த ஏ3 தாளின் படம் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். வட்ஸ்அப்பில் போட்டது தொலைபேசி மாறும்போது போய்விடும். பட்டம் பெற்று வெளியேறுகிறவர்களிடம் ஒரு பக்கத்தை நிரப்பி வாங்குங்கள்: என்ன ஆய்வு, எங்கே தரவு எடுத்தார், எங்கே தடைப்பட்டார், அடுத்து வருகிறவர் அழைத்துக் கேட்கலாமா. லண்டனுக்கோ ரொறொன்ரோவுக்கோ போனவர்களும் இதற்குப் பதில் எழுதுவார்கள், பழைய மாணவர் சங்கத்துக்குக் காசு அனுப்புகிறவர்கள்தானே. முதல் கூட்டத்துக்குப் போகும்போது அந்த ஏ3 தாளையும் ஓர் அடிமட்டத்தையும் இரண்டு பேனையையும் கொண்டுபோங்கள், தலைவர் தெரிவுக்கு முன்னமே அதை நிரப்பிவிடுங்கள்.